ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தில்லித் தேர்தல் என்ன செய்யும்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு ஒன்பது வயது. ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் தர்மபுரிக்கு அழைத்துப் போய் டென்னிஸ் பழக்குகிறோம். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் தேர்தல், வழக்கு, புதுச் சட்டம் என்று செய்தி வந்தபடியே இருக்கிறது. மேலே ஆள் மாறினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது நடக்குமா? இல்லை, பேசாமல் பெங்களூருக்குக் குடிபோய்விடலாமா?"

நான் பழைய தர்மபுரி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தவன். 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு இந்தப் பக்கமே பணியாற்றி ஓய்வு பெற்றேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பழக்கியிருக்கிறேன், போட்டிகளில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், சங்கக் கூட்டங்களில் கடைசி பெஞ்சில் இருந்து சத்தமும் போட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மாறும், அம்மா. ஆனால் தலைவர் பெயர் மாறுவதால் மட்டும் மாறாது. அந்தத் தலைமை எதை எண்ணிப் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதக்கத்தை மட்டும் எண்ணுகிறவர்களுக்குப் பாலக்கோடு கண்ணில் படாது. நான் எண்ணச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பத்து வயதுப் பிள்ளை காலையில் பஸ் ஏறிப் போய், ஆடிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தூரத்தில் வருடத்துக்கு எத்தனை மேட்ச் ஆடுகிறாள்? அந்த எண் ஏறினால் தலைமை வேலை செய்கிறது. ஏறவில்லையென்றால் தில்லியில் யார் உட்கார்ந்திருந்தாலும் நமக்கு ஒன்றுதான்.

நம் பக்கத்தில் டென்னிஸ் பந்து தெரியாத பிள்ளை கிடையாது. காரிமங்கலம், பென்னாகரம், ஊத்தங்கரை, எங்கே போனாலும் அறுப்பு முடிந்த வயலில் டென்னிஸ் பால் கிரிக்கெட் நடக்கும். பேனர் கட்டுவார்கள், நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள், முதல் பரிசு இன்னார் நினைவாக என்று மைக்கில் சொல்வார்கள், மதியம் தக்காளிச் சாதமோ பிரியாணியோ போடுவார்கள். எந்தச் சங்கமும் வந்து நடத்துவதில்லை. பக்கத்துச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்த மாதிரி மேட்சுகளில் பந்து வீசித்தான் கை பழகினார். இந்திய அணி வரை போனார். அகாடமி கிடைப்பதற்கு முன்பே அவருக்கு மேட்ச் கிடைத்தது. பக்கத்து ஊர், அடுத்த ஊர் என்று மேட்ச் கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பந்து எந்த விளையாட்டுக்காகப் பிறந்ததோ அந்த விளையாட்டுக்கு நம் மாவட்டத்தில் அப்படி மேட்ச் இல்லை. பிள்ளைகள் வாரம் மூன்று நாள் பழகுகிறார்கள், மாதக்கணக்கில் பழகுகிறார்கள், எண்ணிக்கை வைத்து ஆட ஆள் கிடைக்காமல் பழக்கமே பழக்கமாக நின்றுவிடுகிறது.

இனி உங்கள் கேள்வியின் தில்லிப் பக்கம். அகில இந்தியச் சங்கம் 1920ல் தொடங்கியது. அப்போது பெயர் அகில இந்திய லான் டென்னிஸ் சங்கம். நீண்ட காலம் அதை நடத்தியவர் ஆர்.கே. கன்னா. தில்லியில் சங்கத்தின் மைதானத்துக்கே அவர் பெயர்தான். பிறகு அவர் மகன் அனில் கன்னாவும் தலைவராக இருந்தார். ஆட்டக்காரர்களுக்கும் சங்கத்துக்கும் உரசல் புதிதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யார் யாரோடு ஜோடி சேர்வது என்று லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி, ரோஹன் போபண்ணா விவகாரம் நாடே பார்க்க நாறியது. 2013 தொடக்கத்தில் சோம்தேவ் தேவ்வர்மன் உட்பட முன்னணி வீரர்கள் சங்கத்தின் போக்கை எதிர்த்து, நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையில் ஆட மறுத்தார்கள். தில்லியில் தென் கொரியாவிடம் 1-4 என்று தோற்றோம். 2024 செப்டம்பரில் சங்கத் தேர்தல் வந்தபோது அதே சோம்தேவும் இன்னொரு ஆட்டக்காரர் புரவ் ராஜாவும் விளையாட்டுச் சங்கங்களுக்கான அரசு விதிகள் மீறப்படுவதாக வழக்குத் தொடுத்தார்கள். தேர்தல் முடிவை உறையில் மூடி முத்திரையிட்டு வைக்கச் சொன்னது தில்லி உயர் நீதிமன்றம்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தேசியச் சங்கங்களின் நிர்வாகக் குழு 15 பேருக்கு மேல் போகக் கூடாது. அதில் குறைந்தது 2 பேர் சாதித்த ஆட்டக்காரர்கள், 4 பேர் பெண்கள். ஆட்டக்காரர்களுக்கென்று தனிக் குழு வேண்டும். தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம். நல்ல சட்டம் என்றுதான் நினைக்கிறேன். நாற்காலியில் உட்காருகிறவர்கள் முன்னால் ராக்கெட் பிடித்தவர்கள் என்றால், யார் யாரோடு மோதுவது என்று எழுதிய டிரா தாளைப் பார்த்ததும் அதில் ஒரு பிள்ளையின் பயணம் தெரியும். தமிழ்நாட்டில் 2022ல் முன்னாள் ஆட்டக்காரர் விஜய் அமிர்தராஜ் மாநிலச் சங்கத் தலைவரானார். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான சென்னை ஓப்பன் நடந்தது. 17 வயது செக் பெண் லிண்டா ஃப்ருவிர்டோவா பட்டம் வென்றதைப் பார்க்க எங்கள் பள்ளிப் பெண்கள் நான்கு பேரை ரயிலில் கூட்டிப் போனேன். அவர்களைவிட மூன்று, நான்கு வயதுதான் பெரியவள் என்று தெரிந்ததும் திரும்பி வரும்போது அவர்கள் பேச்சே மாறியிருந்தது. பெரிய போட்டி ஊருக்குள் வருவதால் இந்தப் பலன் உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஓட்டு எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அகில இந்தியச் சங்கத்துக்கு ஓட்டுப் போடுகிறவை மாநிலச் சங்கங்கள். மாநிலச் சங்கத்துக்குள் இருப்பவை கிளப்புகளும் மாவட்டச் சங்கங்களும். மாவட்டச் சங்கம் என்று ஊருக்கு ஊர் ஒரு லெட்டர் பேடு இருக்கும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சில மாவட்டங்களில் உயிரோடு இருக்கிறது, வருடம் முழுக்க வேலை நடக்கிறது. சில இடங்களில் பொதுக்குழுவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் இருக்கிறது. நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், ஊரும் பெயரும் வேண்டாம், இரண்டு மணி நேரம் யார் பொருளாளர் என்பதிலேயே போயிற்று. அந்த வருடம் எத்தனை பிள்ளைகள் பதிவு செய்தார்கள் என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. நோட்டே இல்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கீழே நோட்டு இல்லாத சங்கத்தின் ஓட்டில் மேலே ஒருவர் தலைவரானால், கீழே எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்பதற்குக் காரணமே இருக்காது. அடித்தளம் தில்லியிலிருந்து இறங்கி வருவதில்லை. நம்மிடமிருந்து ஏறிப் போகிற ஓட்டில் அது இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம்.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற ஒருவர். அவர் மகள் என்னிடம் மூன்று வருடம் பழகினாள். சுவரில் பந்தடித்தே கை தேறிய பிள்ளை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தோம். வெளியூர். முதல் நாளே போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அப்பா, மகள் இருவரும் ராத்திரி பஸ்ஸில் போய், லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார்கள். மறுநாள் காலை முதல் மேட்ச். எதிரே ஆடியவள் அந்த வருடம் மட்டும் பத்துப் பன்னிரண்டு போட்டி ஆடியவள். நம் பிள்ளைக்கு அது இரண்டாவது. சர்வீஸ் போடும்போது கை நடுங்கியதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. ஆடை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "மாஸ்டர், பாப்பா நல்லாத்தான் ஆடுச்சுங்க. ஆனா இருபது பெட்டி தக்காளி ஒரு மேட்ச்சுக்குப் போச்சுங்க. அடுத்த மாசம் இன்னொண்ணு இருக்குன்னீங்களே, அது வேணாங்க." அவர் மேல் என்ன குற்றம்? அந்த வருஷம் மண்டியில் விலையே இல்லை. பிள்ளை இரண்டு வருடத்தில் விட்டுவிட்டாள். இன்று நர்சிங் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அவள் டென்னிஸுக்குத் தகுதி இல்லாமல் விடவில்லை. அவளுக்கு மேட்ச் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இதில் சங்கத்தின் கையில் இருப்பது என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாக்-அவுட் முறையில் 32 பேர் டிரா என்றால் முதல் சுற்றிலேயே 16 பேர் வீட்டுக்கு. அடுத்த சுற்றில் 8 பேர். ஆக 32 பேரில் 24 பேர் ஒன்றோ இரண்டோ மேட்ச்சோடு பெட்டியைக் கட்டுகிறார்கள். தொழில்முறை ஆட்டத்துக்கு இது சரி. பத்து வயதுக்கு இது அநியாயம். அதே 32 பேரை நான்கு நான்கு பேராக எட்டுக் குழுவாகப் பிரித்து, குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் ஆடவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று மேட்ச் உறுதி. நாக்-அவுட்டில் மொத்தம் 31 மேட்ச், குழு முறையில் 48. பதினேழு மேட்ச்தான் கூடுதல். செட்டைச் சின்னதாக்கினால் அதே இரண்டு நாளில் முடியும். இதற்குப் பணம் தேவையில்லை, மைதானம் தேவையில்லை. "பத்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையும் மூன்று மேட்ச்சுக்குக் குறையாமல் ஆட வேண்டும்" என்று மேலேயிருந்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். தலைமை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அந்த ஒரு வரிதான்.

மைதானம் இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007லேயே சின்னப் பிள்ளைகளுக்கான திட்டத்தைக் கொண்டு வந்தது. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தே கூடாது என்று விதியாகவே ஆக்கியது. அதற்குப் பதில் மெதுவான மூன்று பந்துகள்: மஞ்சளைவிடச் சிவப்புப் பந்து முக்கால் பங்கு வேகம் குறைந்தது, ஆரஞ்சு பாதி, பச்சை கால் பங்கு. சிவப்புப் பந்துக்கான கோர்ட்டின் நீளம் 10.97 மீட்டர். இந்த எண்ணைக் கவனியுங்கள். பெரிய டென்னிஸ் கோர்ட்டின் இரட்டையர் அகலம் எவ்வளவோ அதே அளவு. அதாவது பெரிய கோர்ட்டில் ஒரு பக்க இரட்டையர் கோட்டிலிருந்து மறுபக்கக் கோடு வரை குறுக்கே போட்டால் ஒரு சிவப்புக் கோர்ட் ஆயிற்று. இப்படி ஒரே கோர்ட்டில் நான்கு குட்டிக் கோர்ட் போடலாம். நான் வலைக்குப் பதில் இரண்டு கம்புக்கு நடுவில் மஞ்சள் நாடா கட்டுவேன், தரையிலிருந்து 80 சென்டிமீட்டர். கோட்டுக்குச் சுண்ணாம்பு. பதினாறு பிள்ளைகள், நான்கு குழு, குழுவுக்கு ஒரு கோர்ட். முதலில் பத்துப் பாயிண்ட் எடுக்கிறவர் ஜெயிக்கிற டை-பிரேக் ஆடினால் ஒரு மேட்ச் பதினைந்து நிமிடத்துக்குள் முடியும். ஒன்றரை மணி நேரத்தில் 24 மேட்ச். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் இட்லி சாப்பிடப் போய்விடலாம். டென்னிஸ் கோர்ட்டே இல்லாத ஊரிலும் இறகுப்பந்துக் கோர்ட் இருக்கும். அது 13.4 மீட்டர் நீளம். சிவப்புக் கோர்ட் அதற்குள் அடங்கிவிடும், பின்னால் நிற்க மட்டும் இடம் விட வேண்டும்.

பூப்பந்தை, அதாவது பால் பேட்மிண்டனை, மறந்துவிட்டோம். நம் அரசுப் பள்ளிகளில் பூப்பந்து மைதானம் எத்தனை இருக்கிறது! அதன் அளவு 24 மீட்டருக்கு 12 மீட்டர். டென்னிஸ் கோர்ட் 23.77க்கு 10.97. கிட்டத்தட்ட ஒன்றே. பெரியவர்கள் ஆட்டத்துக்குப் பின்னால் ஓடி எடுக்க இடம் போதாது, உண்மைதான். ஆனால் ஆரஞ்சுப் பந்துக் கோர்ட்டுக்கு 18 மீட்டர் நீளம்தான் வேண்டும். பூப்பந்துக் கோட்டுக்குள்ளேயே அதைப் போட்டு இரு பக்கமும் மூன்று மூன்று மீட்டர் மிச்சம் வைக்கலாம். பூப்பந்து ஆடிய பிள்ளைக்குப் பந்தைப் பார்த்து உடம்பைத் திருப்புவது தெரியும். வலைக்கு மேல் வளையம் வீசுகிற டென்னிக்காய்ட் ஆடிய பெண்ணுக்கு வலைப்பக்கம் கை சீறிப் பாயும். எனக்குக் கிடைத்த நல்ல இரட்டையர் ஆட்டக்காரிகள் இருவரும் டென்னிக்காய்ட்டிலிருந்து வந்தவர்கள்தான். தேசியச் சங்கம் எந்தத் திட்ட அறிக்கையிலாவது இந்த இரண்டு விளையாட்டின் பெயரை எழுதி நான் பார்த்ததில்லை. எழுத வேண்டும் என்பது என் ஆசை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் டென்னிஸுக்கு அடித்தளம் ஏற்கெனவே பாதி போட்டு வைத்திருக்கிறது.

அடுத்தது கோச். கோர்ட்டைவிட இதுதான் பெரிய பஞ்சம். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ டென்னிஸ் மட்டுமே சொல்லிக்கொடுத்துக் குடும்பம் நடத்துவது கஷ்டம். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற இளைஞன் இரண்டு வருடத்தில் ஓசூர் போவான், அங்கிருந்து பெங்களூர் அபார்ட்மென்ட் கோர்ட்டுக்குப் போய்விடுவான். சம்பளம் மூன்று மடங்கு என்றால் யார் நிற்பார்கள்? அவனைத் தடுக்க முடியாது. ஆனால் பள்ளியில் இருக்கிற உடற்கல்வி ஆசிரியர் எங்கும் போகமாட்டார். சர்வதேசக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் படிப்பில் தொடக்கநிலைக்கு ஒரு சிறிய பாடம் இருக்கிறது, சில நாள் பயிற்சி, சின்னப் பந்தில் சின்னப் பிள்ளைகளைப் பழக்குவது பற்றி. அதைத் தமிழில், மாவட்டத் தலைநகரில், விடுமுறை நாளில், உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நடத்தினால் போதும். நான் படித்தபோது சென்னைக்குப் போய் ஆங்கிலத்தில் படித்தேன். என்னோடு வந்த இரண்டு பேர் மொழி புரியாமல் பாதியில் திரும்பிவிட்டார்கள். இருவருமே என்னைவிட நல்ல ஆசிரியர்கள். அந்த இழப்பை எந்தச் சங்கமும் கணக்கில் எழுதவில்லை. தேசியச் சங்கத்துக்குச் செலவு மிகக் குறைவு, பலன் இருபது வருடத்துக்கு என்று ஒரு வேலை உண்டென்றால் அது இதுதான். புதுத் தலைமைக்கு நான் முதல் மனு எழுதினால் இதைத்தான் எழுதுவேன்.

"பணம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனின் சங்கத்துக்கு விம்பிள்டன் போட்டியின் உபரியில் சுமார் 90 விழுக்காடு போகிறது. பிரான்ஸுக்கு ரோலான் காரோவில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன் இருக்கிறது, அமெரிக்காவுக்கு யு.எஸ். ஓப்பன் இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு பசு இல்லை. அதனால்தான் இத்தாலியைப் பார்க்கச் சொல்வேன். இத்தாலிக்கும் கிராண்ட்ஸ்லாம் எனப்படும் உலகின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றும் இல்லை. 2001லிருந்து அங்கே டென்னிஸ் சங்கத் தலைவர் ஆஞ்சலோ பினாகி. திறமையான பிள்ளைகளை எல்லாம் பிடுங்கி ஒரே தேசிய மையத்தில் நட்டு வளர்க்கிற பழைய முறையைக் குறைத்தார்கள். பிள்ளை தன் ஊர்க் கோச்சிடமே இருக்கட்டும், சங்கம் அந்தக் கோச்சுக்குத் துணை நிற்கும் என்று மாறினார்கள். நாடு முழுக்கச் சின்ன ஊர்களில் சேலஞ்சர் எனப்படும் இரண்டாம் நிலைத் தொழில்முறைப் போட்டிகளை நிறைய நடத்தினார்கள், வீட்டிலிருந்து ரயிலில் போய் ஆடும் தூரத்தில். ஆஸ்திரிய எல்லையோர மலைக் கிராமத்தில் பனிச்சறுக்கு ஆடிக்கொண்டிருந்த யானிக் சின்னர் பதிமூன்று வயதில்தான் முழுநேர டென்னிஸுக்கு வந்தார், அதுவும் ஒரு தனியார் அகாடமிக்கு. 1976க்குப் பிறகு டேவிஸ் கோப்பையைப் பார்க்காத இத்தாலி 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றது. ஒரே தலைவர் இவ்வளவு காலம் இருப்பது நல்லதா என்று கேட்டால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் போட்டியை ஊருக்குக் கொண்டுபோனது, ஊர்க் கோச்சை நம்பியது, இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் மேலே வந்தவர்களைப் பாருங்கள். ராமநாதன் கிருஷ்ணனுக்கு அப்பா டி.கே. ராமநாதன்தான் கோச். 1954ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960லும் 1961லும் அங்கேயே அரையிறுதி. லியாண்டர் பயஸ் 1985ல் அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் திட்டத்தில் வளர்ந்தவர். ஹரியானாவின் சுமித் நாகலைப் பத்து வயதில் கண்டெடுத்தது மகேஷ் பூபதி நடத்திய தேடல். சானியா மிர்சா ஆடத் தொடங்கியது சாணம் மெழுகிய தரையில். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்து மண்ணில் டேவிஸ் கோப்பையில் முதல்முறை இறங்கி வென்று இந்தியாவை 3-1 வெற்றிக்குக் கொண்டுபோனபோது அவர் அமெரிக்கக் கல்லூரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் மாயா ராஜேஸ்வரன் பதினைந்து வயதில் மும்பை ஓப்பன் அரையிறுதி வரை போனார், பிறகு பழகப் போனது ஸ்பெயினில் நடால் அகாடமிக்கு. எல்லாரும் குடும்பம், தனியார் திட்டம், வெளிநாட்டுக் கல்லூரி என்று ஏதோ ஒரு கயிற்றைப் பிடித்து ஏறியவர்கள். எனக்கு இவர்களைப் பார்க்கப் பெருமைதான். ஆனால் கயிறு கிடைக்காத பிள்ளைகளைத்தான் நான் இருபத்தைந்து வருடம் தினமும் பார்த்தேன்.

இனிப் பெங்களூர் கேள்வி. ஒன்பது வயதுக்கு வேண்டாம் என்பது என் திடமான கருத்து. ஓசூரில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே போய் வரலாம், நாற்பது கிலோமீட்டர். அந்தப் பிள்ளைகள் தமிழில் எண்ணிக்கை கேட்டு, தெலுங்கில் தன்னையே திட்டிக்கொண்டு, கன்னடத்தில் எதிராளியிடம் பேசி ஆடுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும். பாலக்கோட்டிலிருந்து நிலைமை வேறு. குடிபோனால் வாடகை, அப்பாவின் வேலை, பள்ளி மாற்றம் என்று மொத்தச் சுமையும் ஒரு சின்னப் பிள்ளையின் தோளில் ஏறும். தோற்று வருகிற ஒவ்வொரு நாளும் அது அவளுக்குத் தெரியும். பதினான்கு வயதில் அவளே கேட்டால் அப்போது யோசியுங்கள். கர்நாடகத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. தார்வாட், கலபுர்கி, தாவணகெரே போன்ற ஊர்களிலேயே சர்வதேச ரேங்கிங் போட்டிகளை அவர்கள் நடத்தியிருக்கிறார்கள். தலைநகரிலிருந்து தூரத்தில் இருக்கிற ஊரில் அயல்நாட்டு ஆட்டக்காரன் சர்வீஸ் போடுவதை உள்ளூர்ப் பிள்ளை பந்து பொறுக்கிக்கொண்டே பார்க்கிறான். தர்மபுரியில் அது ஏன் முடியாது என்று மாநிலச் சங்கத்தைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது சிலதைச் சொல்கிறேன். உங்கள் மகள் எந்தப் பந்தில் ஆடுகிறாள் என்று பாருங்கள். ஒன்பது வயதில் முழுக் கோர்ட்டில் மஞ்சள் பந்து என்றால் கோச்சிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஆரஞ்சுப் பந்து வாங்கலாமா என்று கேளுங்கள். தலைக்கு மேல் எழும்புகிற பந்தை அடித்து அடித்துப் பிடியும் தோளும் கெட்டுப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு சரிசெய்வது மிகக் கடினம்.

இரண்டாவது, உங்கள் மகளோடு பழகுகிற பிள்ளைகளின் பெற்றோரைச் சேருங்கள். எட்டுப் பேர் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறு தர்மபுரி, அடுத்த மாதம் கிருஷ்ணகிரி, அதற்கடுத்து ஓசூரோ சேலமோ. எல்லாம் காலை பஸ் ஏறினால் மாலை திரும்பும் தூரம். குழு முறை, பிள்ளைக்கு மூன்று மேட்ச், பரிசு வேண்டாம், எல்லாருக்கும் வாழைப்பழமும் தண்ணீரும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பெயர், எண்ணிக்கை எழுதி வையுங்கள். வருடம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாவட்டச் சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் போங்கள். உறுப்பினர் ஆவதற்கு விண்ணப்பம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். இத்தனை பிள்ளைகள், இத்தனை மேட்ச், சங்கம் நடத்தியது எத்தனை என்று நிதானமாகக் கேளுங்கள். நான் கேட்டபோது என் கையில் நோட்டு இல்லை, அதனால் சுலபமாக உட்காரவைத்துவிட்டார்கள். உங்களை அப்படி உட்காரவைக்க முடியாது. நிர்வாகக் குழுவில் பெண்கள் இருந்தே ஆக வேண்டும் என்று தேசிய அளவில் சட்டமே வந்த பிறகு, மாவட்டத்தில் ஒரு தாய் எழுந்து நின்று கேட்டால் அதற்குத் தனி பலம் உண்டு.

முதல் ஞாயிறு கிருஷ்ணகிரியில் என்றால் சொல்லுங்கள். சுண்ணாம்பும் கம்பும் நாடாவும் என் வீட்டில் இருக்கிறது. கோடு போட ஆறு மணிக்கே வந்துவிடுவேன்.